புகைக்கு வெளியே நின்றவன்

முதலில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகுதான் வெடித்தது.

ஹெல்முட்டின் துவக்கு வெடித்தால் காதில் அடிக்காது. நெஞ்சில் அடிக்கும். வெள்ளைப் புகை அவருக்கும் பன்றிக்கும் நடுவில் சுவர் போல எழும்பியது. நவம்பர் மாதத்துக் காலை, காற்றில் ஈரம். புகை நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. அழுகிய முட்டை மணம்.

ஹெல்முட் அந்தப் புகைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் அவருக்கு வலப்பக்கம் தள்ளி, ஓர் ஓக் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். காற்று என் பக்கமிருந்து அவர் பக்கம் போனது. எனக்கு எல்லாம் தெரிந்தது. பன்றி முதுகை வளைத்தது. பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு, யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றிய மாதிரி ஒரு தரம் குறுகியது. பிறகு ஓடிப் பற்றைக்குள் மறைந்தது.

"டோனி, என்ன கண்டனீர்?" என்று புகைக்குள் இருந்து குரல் வந்தது.

இதைச் சொல்வதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார். என் பெயர் அந்தோனி. ஜெர்மன்காரருக்கு நான் டோனி. ஹெல்முட் பேசியது டொச், அவருடைய ஜெர்மன் மொழி. இங்கே அதை எங்கள் தமிழில் போடுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் ஞாபகத்தில் அவர் மன்னார்க்காரர் மாதிரித்தான் பேசுகிறார்.

தண்ணீர்க் குழாயும் வால்நட் மரமும்

கோழி வெட்டும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கதையோடு இந்தத் தொடரைப் போன கிழமை நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு ஹம் நகருக்குத் தெற்கே, மலைப்பக்கம், மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. யூரோக் காசு புழக்கத்துக்கு வந்து கொஞ்சக் காலம். கோழியைவிட மரம் நல்லது. வெட்டும்போது அது எங்களைப் பார்க்காது.

அங்கே மரம் அறுக்கிற வாள்களுக்குக் கூர் போடுகிற வேலை ஹெல்முட்டுக்கு. ஐம்பது வயது இருக்கும். இடது காது கேட்காது. அந்தப் பக்கம் இருந்து பேசுகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நீளமான இரும்பைப் பட்டறை மேசையில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். துவக்குக் குழல். ஒரு முனை அடைத்திருந்தது. மறு முனையில் என் பெருவிரல் நுழைந்தது.

"இடியன்," என்றேன் தமிழில்.

அவர் நல்ல காதைத் திருப்பினார். வாயால் விளக்க என் டொச் போதவில்லை. கையால் காட்டினேன். வெடிமருந்தைக் கொட்டுவது, தும்பு அடைப்பது, ஈயம் போடுவது, கம்பியால் இடிப்பது, தட்டினால் நெருப்புப் பொறிக்கிற கேப்பை மேலே வைப்பது. கடைசியில் வாயால் வெடித்தும் காட்டினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்கட நாட்டிலயும் இருக்கோ?"

"இருக்கு. ஆனால் தண்ணீர்க் குழாயில செய்யிறது."

உண்மைதான். எங்கள் மன்னாரில், மடுப் பக்கத்துக் காடுகளில் என் ஒன்றுவிட்ட அண்ணன்மாருடன் நான் பன்றிக்குப் போனது அப்படியான துவக்கோடுதான். சில நேரம் பன்றிக்கு முன்னால் துவக்கு வெடித்துச் சிதறும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டதற்கு அந்த வேட்டையும் ஒரு காரணம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இறைச்சி வேண்டியிருந்தது, போனோம்.

ஹெல்முட்டின் துவக்கு வேறு சாதி. வால்நட் மரத்தில் பிடி. குழலுக்குள் முறுக்கிய வரிகள். ஒரு தரத்துக்கு ஒரே ஒரு குண்டு, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் சுற்றி இறக்க வேண்டும். வாய் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டேன். பெரிய மிருகத்தைச் சுடுகிற குண்டு எவ்வளவு விசையோடு போய் அடிக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறதாம். பழைய மாதிரி மருந்தில் அந்த விசை வேண்டுமென்றால் குண்டு பெரிதாக இருந்தே ஆகவேண்டும். வேட்டைக்குப் பரீட்சை, மருந்து வைத்திருக்க இன்னொரு பரீட்சை, எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார்.

"புதுத் துவக்கு வாங்கலாமே?"

"அதில அஞ்சு தரம் சுடலாம்," என்றார். "அஞ்சு தரம் சுடலாம் எண்டால் மனுசன் முதல் தரம் கவனமாச் சுட மாட்டான்."

யேசுதாசன் அண்ணையின் கேள்வி

இந்தத் துவக்கில் ஒரு சிக்கல். சுட்டவருக்குச் சுட்டது தெரியாது. மிருகத்தில் பட்டதா, எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்பதெல்லாம் முதல் இரண்டு கணத்தில் இருக்கிறது. அந்த இரண்டு கணமும் அவர் புகைக்குள் இருப்பார். எங்கள் காட்டில் இதற்காக ஒருவன் விலகி நிற்பான். நானும் நின்றிருக்கிறேன். அதைச் சொன்னபோது ஹெல்முட் கடித்துக்கொண்டிருந்த பாணைக் கீழே வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வாறீரோ?" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. துவக்கைத் தொடுவதில்லை, அதற்கு எனக்கு அனுமதியும் இல்லை. செம்மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்று பார்ப்பது மட்டும் என் வேலை. கூலி இறைச்சி.

அந்த இறைச்சியை அதிகம் சாப்பிட்டவர் என்னோடு அறையில் இருந்த யேசுதாசன் அண்ணை. யாழ்ப்பாணத்தார், பாசையூர். ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். கறித்தூள் போட்டுப் பன்றியைப் பிரட்டிக்கொண்டே என்னை ஏசுவார்.

"டேய், அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்சை வந்து துவக்குக்குப் பக்கத்தில போய் நிக்கிறாய். உனக்கு மண்டை சரியோ?"

"பக்கத்தில இல்லை அண்ணை. தள்ளித்தான் நிக்கிறன்."

"தள்ளி நிண்டவனுக்குத்தானேடா அங்கை முதல் பட்டது!"

பிறகு அவரே சிரித்துவிட்டு, "உப்புக் காணுமோ எண்டு பார்," என்று ஒரு துண்டை நீட்டுவார்.

அவர் கேட்டதற்கு ஒன்று சொல்லலாம். அந்தக் காட்டில் மட்டும்தான் ஒரு வெடிச்சத்தம் எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பல் வைத்தியரின் காடு

அந்தக் காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். எல்லாரும் அவரை டொக்டர் என்பார்கள். ஹெல்முட் அவருடைய தயவில்தான் அங்கே வேட்டையாடினார். வேறு குத்தகைக்காரர் யாரும் அந்தப் பழைய துவக்கை உள்ளே விடுவதாக இல்லை.

முந்தின வருடம், நான் வருவதற்கு முன், ஹெல்முட் சுட்ட மான் ஒன்று காயத்தோடு போய்விட்டது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. ஜெர்மன் வேட்டைக்காரனுக்கு இதைவிட அவமானம் இல்லை. குண்டு பிழைத்தால் பகிடி பண்ணுவார்கள், அவ்வளவுதான். காயப்படுத்திவிட்டுக் கண்டுபிடிக்காமல் விட்டால் முகம் பார்க்க மாட்டார்கள். டொக்டர் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார். இன்னொரு மிருகம் அப்படிப் போனால் இந்தத் துவக்கு என் காட்டுக்குள் வராது.

ஹெல்முட்டுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது. இந்தக் காடு இருந்தது.

அன்றைக்குக் காலையில் என்ன பிழை நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். துவக்கைக் கழுவி எண்ணெய் போட்டு வைத்தால், மருந்துக்கு நெருப்புப் போகிற சின்னத் துளையிலும் எண்ணெய் நிற்கும். அதனால் மருந்து போடுவதற்கு முன் ஹெல்முட் வெறும் கேப்பு இரண்டை வெடிப்பார். துளை காய்ந்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் காட்டு வாசலில் கார் கதவைத் திறந்ததும் அதுதான் முதல் வேலை. அன்றைக்கு டொக்டர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். ஹெல்முட் கேப்பை எடுத்தபோது டொக்டர் விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாதேங்கோ, பன்றி கிட்ட நிக்குது," என்றார்.

ஹெல்முட் மரியாதைக்காரர். கேப்பைப் பைக்குள் போட்டுவிட்டார்.

துளையில் நின்ற அந்த எண்ணெய்தான் துவக்கை ஒரு மூச்சு தாமதமாக வெடிக்க வைத்தது. அந்த ஒரு மூச்சில் பன்றி ஓர் அடி முன்னே எடுத்து வைத்தது. தோளுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது.

"அவனிட்டைக் கேளுங்கோ"

"பட்டது," என்றேன். "வயிறு."

புகை கலைந்தபோது ஹெல்முட் முழங்காலில் இருந்தார். எழும்பவில்லை.

"நிச்சயமோ?"

"ஓம். முதுகை வளைச்சது."

இருவரும் பன்றி நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஈரச் சருகு. இரத்தம் இல்லை. ஓர் உரோமம்கூட இல்லை. பன்றியின் கொழுப்புத் தடித்தது, ஓட்டையை அதுவே அடைத்துவிடும். பார்க்கிறவன் எவனும் குண்டு பிழைத்தது என்றுதான் சொல்வான்.

டொக்டர் வேறொரு பக்கம் காவல் இருந்தவர், வெடி கேட்டு நடந்து வந்தார். சருகைக் காலால் கிளறினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"பிழைச்சுப் போச்சோ, ஹெல்முட்?"

ஓம் என்று ஒரு சொல் போதும். மூவரும் கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஹெல்முட் துவக்கின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"நான் புகைக்குள்ள நிண்டனான்," என்றார் கடைசியில். "டோனிதான் கண்டவன். அவனிட்டைக் கேளுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய் சொல் என்று கேட்கிறாரா, உண்மையைச் சொல் என்று கேட்கிறாரா? எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

வயிற்றில் பட்டால் மனிதரும் முதலில் அப்படித்தான் வளைவார்கள். அதை நான் எங்கே கண்டேன் என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். திரும்ப எழுத மாட்டேன். அப்படிப் பட்டவர்கள் உடனே சாவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

"வயிற்றில பட்டது," என்றேன் டொக்டரிடம்.

"இரத்தம் இல்லையே."

"இல்லை. ஆனால் பட்டது."

"உமக்கு வேட்டைப் பரீட்சை இருக்கோ?"

"இல்லை."

"அப்ப எப்படித் தெரியும்?"

ஹெல்முட் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவன் சொன்னால் பட்டதுதான்," என்றார். "நாயைக் கூப்பிடுங்கோ, டொக்டர்."

ஒரு வாய்க்காலின் கதை

காயப்பட்ட மிருகத்தை மணம் பிடித்துத் தேடப் பழக்கிய நாய் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஹன்னா என்கிற பெண்ணிடம். அடுத்த காட்டின் வேட்டை உரிமை அவளுடையது, பால்பண்ணையும் வைத்திருந்தாள். டொக்டரின் காட்டுப் பன்றிகள் அவளுடைய சோளத்தை உழுது தள்ளியதில் இருவருக்கும் பேச்சு இல்லை. டொக்டர் கைத்தொலைபேசியைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்தார்.

அவள் குரல் எங்களுக்கும் கேட்டது. "வயிறெண்டால் மத்தியானம் வரை ஒருத்தரும் அசையாதேங்கோ. இப்ப துரத்தினால் நிக்காமல் ஓடும். படுக்க விடுங்கோ."

டொக்டரின் காருக்குள் இருந்து காத்தோம். கண்ணாடி முழுக்க மூச்சு படிந்தது. டொக்டர் வானொலியைப் போட்டார், நிறுத்தினார். ஹெல்முட் பன்றிக் கொழுப்புப் பூசிய பாணை எனக்கு நீட்டினார், தான் சாப்பிடவில்லை. அந்த மணித்தியாலங்களில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் பிழையாகக் கண்டிருந்தால்?

ஹன்னா வந்தாள். சேற்றுச் சப்பாத்து, நரை முடி, நீளக் காதுள்ள சிவப்பு நாய். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீர்தானோ கண்டது? எந்த மரத்தடியில நிண்டனீர்? காட்டும்."

காட்டினேன். அந்த மரத்தடியில் நின்று, பன்றி நின்ற இடத்தைப் பார்த்து, "சரி," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாயின் கயிற்றை நீள விட்டாள்.

நாய் மூக்கை நிலத்தில் வைத்துப் போனது. முள்ளுக்குள்ளால், சரிவில், சேற்றில். இரத்தம் எங்கேயும் இல்லை. டொக்டர் பின்னால் வந்தபடி, "அது முயலைப் பிடிச்சுப் போகுது," என்றார். இலை ஒன்றில் நகம் அளவு பச்சையாக ஏதோ இருந்தது. ஹன்னா எடுத்து முகர்ந்துவிட்டு டொக்டரின் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். குடல். டொக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பிறகு ஒரு வாய்க்கால் வந்தது. தாண்டிக் குதிக்கலாம். நாய் குதித்தது, ஹன்னா குதித்தாள். டொக்டரும் ஹெல்முட்டும் கரையில் நின்றுவிட்டார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஹன்னாவின் வேட்டை நிலம். அனுமதி இல்லாமல் துவக்கோடு கால் வைப்பது குற்றம்.

எனக்கு எல்லைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அகதி விண்ணப்பம் போட்டிருந்த காலத்தில் எனக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு நான் வெளியே போகக் கூடாது. ஒரு கோடையில், ஊன்ட்றொப் அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கடை போட்ட ஒருவருக்கு உதவியாகப் போகும் வழியில் ரயிலில் பிடிபட்டுத் தண்டம் கட்டினேன். பெட்டியில் என் பக்கத்தில் இருந்த எல்லாரும் சும்மா போனார்கள். இப்போது இரண்டு ஜெர்மன்காரர், ஒருவர் வைத்தியர், இரண்டு முழ அகல வாய்க்காலுக்கு முன்னால் நின்று மறு கரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஹெல்முட்டின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

"வரலாமோ?" என்றார் டொக்டர்.

"என்ர சோளத்துக்குள்ள வந்த உங்கட பன்றி ஒண்டும் இப்படிக் கேட்டுட்டு வரேல்லை," என்றாள் ஹன்னா. அவரைக் கொஞ்சம் நிற்க விட்டாள். பிறகு, "வாங்கோ, வாங்கோ. அது சாகக் கிடக்கு," என்றாள்.

முள்ளுப் பற்றைக்குள்

பன்றி உயிரோடு இருந்தது. ஒன்றரை வயது ஆண். கறுப்பு முள்ளுப் பற்றைக்குள் படுத்திருந்தது, நாயைக் கண்டதும் முன்னங்காலை ஊன்றி எழும்பப் பார்த்தது. பின்பக்கம் எழும்பவில்லை. ஹெல்முட் துவக்கை உயர்த்தினார். ஹன்னா கையால் அவரைத் தடுத்து, தன் துவக்கால் ஒரு வெடி வைத்தாள். புகை இல்லை. சின்னச் சத்தம். முடிந்தது.

நாங்கள் வராமல் விட்டிருந்தால் அது இரவு முழுக்க அப்படியே கிடந்திருக்கும்.

எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். என் தலையில் இருந்தது கம்பளித் தொப்பி, அதை நானும் கழற்றினேன். ஹெல்முட் ஒரு பச்சைக் கொப்பு முறித்துப் பன்றியின் வாயில் வைத்தார். கடைசிக் கவளம் என்பார்கள். ஹன்னா இன்னொரு கொப்பை அதன் இரத்தத்தில் தொட்டு ஹெல்முட்டிடம் நீட்டினாள். சுட்டவருக்குரியது அது. அவர் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்," என்றார். "நாய்க்குக் குடுங்கோ."

ஹன்னா வற்புறுத்தவில்லை. கொப்பை நாயின் கழுத்துப் பட்டியில் செருகினாள்.

ஹெல்முட் டொக்டரின் பக்கம் திரும்பினார். காலையில் தான் வெறும் கேப்பு வெடிக்கவில்லை, துளையில் எண்ணெய் நின்றது, அதனால் பிந்தியது என்றார். ஏன் வெடிக்கவில்லை என்று சொல்லவில்லை. டொக்டர் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். யார் சத்தம் போட வேண்டாம் என்றது என்பது அவருக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை.

"மிருகம் கிடைச்சிட்டுது," என்றார் மெல்ல. "நான் சொன்னது கிடைக்காமல் போனால் எண்டுதான்."

"இந்தப் பெடியன் இல்லாட்டி கிடைச்சிராது," என்றாள் ஹன்னா. எனக்கு அப்போது நாற்பது வயது.

டொக்டர் யோசித்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். துவக்கு வரலாம். கேப்பு எப்போதும் வெடிக்கலாம், சத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் டோனி பக்கத்தில் நின்றால் மட்டும். டோனி இல்லாத ஞாயிற்றுக்கிழமை துவக்கும் வீட்டில்.

ஹெல்முட் தலையை ஆட்டினார். எனக்கும் சேர்த்து ஆட்டிய மாதிரி இருந்தது.

திரும்பும் பாதை

ஹெல்முட்டின் காரில் திரும்பினோம். மழை தூறியது. துடைப்பான் ஒரு பக்கம் கிறீச்சிட்டது. என் சப்பாத்துச் சேறு சூட்டில் காய்ந்து மணத்தது.

"டோனி, நீர் இஞ்சை எவ்வளவு காலம் நிக்கிற யோசனை?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பாரிஸுக்கு வடக்கே ஒரு சந்தையில் கேட்டிருக்கிறார்கள். ஹம்பேர்க்கில் வீட்டுச் சொந்தக்காரி கேட்டிருக்கிறாள். வெளிநாட்டார் அலுவலகத்தில் ஒவ்வொரு தரமும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் சின்னப் பதிலைத்தான் விரும்பினார்கள். நானும் அவர்களை ஏமாற்றியதில்லை. எந்த வேலையிலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் நின்றதில்லை. இந்த ஆலையையும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையோடு விடுவதாக இருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கால் அப்படிப் பழகியிருந்தது.

ஹெல்முட் பாதையைப் பார்த்தபடி ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளிறியிருந்தன. அவர் நீளமான பதிலை விரும்பினார். அப்படி விரும்பிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"இந்தப் பன்றிக்காலம் முடியட்டும்," என்றேன்.

"அது தை மாசத்தோட முடிஞ்சிடும்."

"அதுக்குப் பிறகு என்ன வரும்?"

"மான். கிடாய் மான்."

"அது எப்ப தொடங்கும்?"

"மே முதலாம் திகதி," என்றார். அவர் எனக்கு அவ்வளவு வேகமாக ஒருநாளும் பதில் சொன்னதில்லை.